பானையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

1

அன்றைக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும்:

முன்வரிசை நாற்காலியில் பச்சமுத்து. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர், கலைவிழாவை முன்னால் நின்று நடத்தியவர். அவருக்கு இருபுறமும் பட்டறைக்காரர்கள், சூளைக்காரர்கள், பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பெண்கள். இரண்டாம் வரிசை ஓரத்தில் நந்தகுமார், கையில் போன். அவன் பக்கத்தில் அவன் தங்கை பானுமதி, கட்டிக்கொடுத்த ஊரான ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள், மடியில் பை. தரையில் விரித்த ஜமக்காளத்தில் கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சியம்மாளும் அவள் கூட்டமும், முறுக்குப் பொட்டலத்தோடு. மேடையின் பக்கவாட்டில் ஜோஸ்பின், ஆட்டம் சொல்லிக்கொடுத்தவள், நகத்தைக் கடித்தபடி. மேடையில் செல்வநாயகி, நந்தகுமாரின் மனைவி, பானுமதிக்கு அண்ணி. தலையில் கரகப் பானை.

இவ்வளவும் பானுமதிக்கு நினைவிருக்கிறது. யார் என்ன நிறப் புடவை கட்டியிருந்தார்கள் என்று கேட்டால்கூடச் சொல்வாள். ஆட்டம்தான் நினைவில்லை. இந்தக் கதையை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

(இதை எழுதுகிறவள் பானுமதிதான். 'நான்' என்று ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறாள். அதனால் 'அவள்'. போகிற வரைக்கும் போகட்டும்.)

2

கும்மி, கூத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா, மாதாகோயில் திருவிழா நாடகம், எதைப் பார்த்தாலும் ஊருக்குத் திரும்பியதும் ஆடியவர்களுக்குக் கடிதம் போடுவது பானுமதியின் வழக்கம். தேதி, இடம், வந்திருந்தவர்கள், பிறகு விஷயம். பள்ளிக்கூடத்தில் தமிழ் அய்யா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். 'பிரமாதம்', 'அருமை' இரண்டையும் எழுதமாட்டாள். 'நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது தாவணி முனை நழுவியது; அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டீர்கள், அந்த இடம் பிடித்திருந்தது' என்கிற மாதிரி எழுதுவாள். அதனாலேயே அவள் எழுத்தை நம்புவார்கள்.

விழா முடிந்த மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"பானு, எனக்கு எப்போ எழுதுவ?"

"எழுதறேன் அண்ணி. நல்லாதான்—"

"வாயால சொல்லாத. ஒங்கண்ணனும்தான் நல்லாருந்துதுன்றாரு. கொழம்புல உப்பு போடாம வெச்சாலும் நல்லாருக்குதுன்னு சாப்புடற மனுசன். ஜோஸ்பின் அக்கா வர்ற ஞாயித்துக்கெழமை பதில் சொல்லச் சொல்லியிருக்குது. குழுவுல சேந்தா ஊரு ஊரா போயி ஆடணும். இந்த வயசுல தலையில பானைய வெச்சிக்கிட்டு நிக்கறேன், ஊரு சிரிக்கப் போவுதா, இல்ல நெசமாவே ஆட வருதா, எனக்குத் தெரியல. ஆடறவளுக்கு அது தெரியாது பானு. நீ எழுது. ஒரு வரி போதும், நம்பிக்குவேன்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை தாளும் வீணாகிக்கொண்டிருக்கிறது. கடிதம் ஓடாமல் நின்றபோது, கதையாக எழுதிப் பார்த்தால் ஆட்டம் நினைவுக்கு வந்துவிடும் என்று நம்பினாள்.

3

முதல் தொடக்கம்: 'அன்புள்ள அண்ணிக்கு, நலம், நலமறிய அவா. அன்று தாங்கள் ஆடியது—'

எப்படி இருந்தது? நின்றுவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: 'தவில் முழங்க, தோகை விரித்த மயிலைப் போல—'

மயிலைப் பானுமதி வாரத்துக்கு நாலு முறை பார்க்கிறாள், மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியைக் கிளறிக்கொண்டிருக்கும். அடித்துவிட்டாள்.

மூன்றாம் தொடக்கம்: 'பச்சமுத்து மைக்கைப் பிடித்தார்.'

இது ஓடும். ஏனென்றால் இது நடந்தது, இதை அவள் பார்த்தாள்.

4

பச்சமுத்து மைக்கைப் பிடித்தார். "இந்தக் கரகம் பித்தள இல்லீங்க. நம்ம ஊரு பீங்கான்! நம்ம பட்டறையில, நம்ம சூளையில வெந்தது. சத்தத்த மட்டும் கேளுங்க, கோயில் மணி பிச்ச வாங்கணும்."

செல்வநாயகியின் தலையிலிருந்த பானைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, விரலை மடக்கிச் சுண்டினார்.

டொக்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் சாமானைச் சுண்டிப் பார்க்காமல் யாரும் கையில் வாங்கமாட்டார்கள். நல்ல சாமான் 'டிங்' என்று நீளும். கீறல் விட்ட சாமான் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். பானுமதி கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் நீட்டிய காப்பிக் கோப்பையைச் சுண்டிவிட்டு வாங்கினாள். அந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.)

பச்சமுத்து சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு வேறொரு பக்கம் சுண்டினார். மறுபடி டொக். "ஆட்டத்த ஆரம்பிச்சிடலாங்க" என்று இறங்கிவந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முன்வரிசை கிசுகிசுத்தது.

"கேட்டியா?"

"கேட்டுது. அடியில கீறல் வுட்டிருக்குது."

"எறக்கச் சொல்லுய்யா."

"மேளத்த எடுத்துட்டான். இப்பப் போயி சொன்னா அந்தப் பொண்ணு பயத்துலயே போட்டுடும்."

யாரும் சொல்லவில்லை. பானுமதியும் சொல்லவில்லை.

அதன் பிறகு முன் இரண்டு வரிசைக்கும் பானைதான் தெரிந்தது. பானை வலப்பக்கம் சாய்ந்தால் நாற்காலிகள் இடப்பக்கம் சாய்ந்தன. செல்வநாயகி தாம்பாளத்தின் விளிம்பில் ஏறிச் சுற்றியபோது ஒரு சூளைக்காரர் பந்தைப் பிடிக்கிறவர் மாதிரி கையை விரித்து எழுந்தேவிட்டார். வெள்ளைப் பானை, கழுத்தில் நீலக் கொடி, உச்சியில் தக்கைக் கிளி. பானுமதியை எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவாள். பானைக்குக் கீழே ஒரு முகம் இருந்திருக்க வேண்டும். அது சிரித்ததா, வியர்த்ததா, உதட்டைக் கடித்ததா?

ஜமக்காளத்தில் மட்டும் விசில் பறந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்து நின்று, "ஆடுடி எம் பொண்ணே! என்னா சுத்து சுத்துறா பாரு!" என்று கத்தினாள். முன்வரிசை திரும்பி அவளை முறைத்தது.

5

கதை எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பானையைக் கீழே போட்டுவிடுவார்கள். பானுமதியும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். பானை உடைந்தது, எல்லாருடைய பயத்துக்கும் நியாயம் கிடைத்தது, ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சௌகரியமாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள்.

பானை விழவில்லை. ஆட்டம் முடிந்து ஜோஸ்பின் பானையை இறக்கி, கிளியைக் கழற்றி, துணிப்பையில் கவிழ்த்தாள். அரிசி கொட்டியது. தலையில் நிலையாக நிற்கக் கனம் வேண்டும் என்று வாய் வரைக்கும் அரிசி நிரப்பியிருந்தார்கள். பச்சமுத்து ஓடிப்போய் வெறும் பானையை வாங்கிச் சுண்டினார்.

டிங்... என்று நீளமாக அடித்தது.

"அரிசி போட்ட பானை எப்பிடிங்க மணியடிக்கும்?" என்றாள் செல்வநாயகி. "நீங்க தமாசுக்குத்தான் சுண்டுறீங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. ஒவ்வொருவராக வந்து பாராட்டினார்கள். பானை அசையவே இல்லை என்றார்கள். பானை அப்படியே நின்றது என்றார்கள். "நம்ம சாமான், நம்ம சாமான்" என்றார் பச்சமுத்து. செல்வநாயகியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "எல்லாரும் பானையவே சொல்றாங்க" என்று யாரிடமோ சொன்னாள். [பானுமதி அப்போது பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி—] இந்த வாக்கியம் வேண்டாம்.

6

நீங்கள் கேட்பீர்கள், இந்தக் காலத்தில் வீடியோ இல்லாமலா? பானுமதியும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"இருக்குது பானு. ஆனா..."

"ஆனா?"

"பானை மட்டுந்தான் இருக்குது. பயத்துல பெருசு பண்ணிப் புடிச்சிட்டேன். ஒடையறது பதிவாயிட்டா பச்சமுத்து சட்டையப் புடிக்கலாமில்ல."

"அண்ணி பாத்தாங்களா?"

"போன்ல எடமில்ல, பதிவாவலன்னு சொல்லியிருக்கறன். நீ வாயத் தொறக்காத."

சரி, கொளஞ்சியம்மாள்? அவள்தானே ஆட்டத்தைப் பார்த்தவள்? அவளைச் சாட்சியாக வைத்து ஒரு பத்தி எழுதியாகிவிட்டது. ஆனால் அண்ணி முன்னாலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டாள்: "அந்தம்மா மைக் டெஸ்ட்டுக்கே கை தட்டுச்சு பானு." கதைப் பாத்திரமாகவும் கொளஞ்சியம்மாள் மீது பானுமதிக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு பொழுதை இவ்வளவு சுலபமாகச் சந்தோஷமாகக் கழிக்கிற ஒருத்தியை எப்படி எழுதுவது? பஸ்ஸேறி வந்தாள், முறுக்குத் தின்றாள், ஆட்டம் பார்த்தாள், தொண்டை கட்டக் கத்தினாள், போய்விட்டாள். பானுமதி இத்தனை வருஷமாக இத்தனை கடிதம் எழுதியும், அன்றைக்கு அது அவளுக்கு வாய்க்கவில்லை.

ஒன்றே ஒன்று இருக்கிறது. தாம்பாளத்தின் மேல் சுற்றும்போது பயம் தாங்காமல் பானுமதி ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது கண்ணில் பட்டது அண்ணியின் கால். தவில் எங்கே அடிக்கப் போகிறதோ அங்கே கால் முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தது. கால் தவிலைக் கேட்டு நடக்கவில்லை. தவில்காரர் அந்தக் காலைப் பார்த்து அடித்தார். மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு பயம் அவள் கண்ணைப் பிடித்து மறுபடி பானைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு மூச்சு நேரக் காலை நம்பி ஒருத்தியை ஊர் ஊராகப் போகச் சொல்லலாமா? சொல்லாமல்தான் இருக்கலாமா?

7

முடிவு அ: பானுமதி எழுதுகிறாள், 'தலை முதல் கால் வரை பார்த்தேன், குழுவில் சேருங்கள்.' அண்ணி சேர்கிறாள். ஒருநாள் நந்தகுமாரின் போனில் எதையோ தேடப் போய் வீடியோவைப் பார்க்கிறாள். ஒரே பானை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் எதைப் பார்த்திருப்பாள் என்று யோசிக்கிறாள். அதன் பிறகு பானுமதி எழுதிய எந்த வரியையும் அவள் நம்புவதில்லை.

முடிவு ஆ: பானுமதி எழுதுகிறாள், 'நான் பார்க்கவில்லை.' அண்ணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பானையைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றுகிறாள். ஜோஸ்பினிடம், "வேற ஆளப் பாத்துக்கக்கா, எனக்கு முட்டி வலி" என்கிறாள்.

இரண்டையும் படித்துப் பார்த்தாள். இரண்டிலும் அண்ணிக்குப் பதிலாகப் பானுமதியே பேசிக்கொண்டிருந்தாள். புதுத் தாள் எடுத்தாள். இந்த முறை 'அவள்' கைக்கு வரவில்லை.

'அன்புள்ள அண்ணிக்கு,

நான் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தேன். எங்கே உடைந்துவிடுமோ என்று பயந்தேன். நடுவில் குனிந்தபோது உங்கள் காலைப் பார்த்தேன். அது தவிலுக்கு முன்னால் போய் நின்றது. என்னிடம் இருப்பது இந்த ஒரு வரிதான். இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை உங்களுக்கு எழுதமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஜோஸ்பின் அக்காவிடம் பதில் சொல்வதற்கு முன்னால், வீட்டில் ஒரு தடவை ஆடிக் காட்டுங்கள். அதே பானை, அதே அரிசி. உடைந்தால் உடையட்டும், நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். ஆட மனமில்லையென்றால் காப்பி போட்டுக் கொடுங்கள், சுண்டாமல் வாங்கிக்கொள்கிறேன்.

எழுதிக் கெடுத்த தாள்களையும் சேர்த்து அனுப்புகிறேன். அதில் அ, ஆ என்று இரண்டு முடிவுகள் இருக்கின்றன. தேவையற்றதை அடித்துவிடவும். இரண்டுமே தேவையில்லையென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.'

8

(இந்தப் பகுதி உறைக்குள் போகவில்லை. இது உங்களுக்கு மட்டும்.)

கதைத் தாள்களையும் கடிதத்தையும் ஒன்றாக மடித்து உறையில் திணித்தாள். பசையை ஒருமுறை தடவி, போதாது என்று இன்னொரு முறை தடவி, மேலே புத்தகத்தை வைத்து அழுத்தினாள். மேல்விலாசத்தில் எப்போதும் 'நந்தகுமார் அவர்கள்' என்று எழுதித்தான் பழக்கம். 'ந' வரைக்கும் எழுதிவிட்டாள். அதை அடித்துவிட்டு 'செல்வநாயகி அவர்கள்' என்று எழுதினாள். வீடியோ விஷயம் ஆறாம் பகுதியில் இருக்கிறது, அண்ணன் மாட்டிக்கொள்வான் என்பது தபால் பெட்டி முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. உறை ஏற்கனவே விரலை விட்டுப் போயிருந்தது.

உள்ளே விழுந்த சத்தம் கேட்கவில்லை. கை தானாக மடங்கி, பெட்டியின் வயிற்றில் ஒருமுறை சுண்டியது.

டொக்.

உள்ளே கடிதங்கள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டே பானுமதி வீட்டுக்கு நடந்தாள்.