அத்தா சொன்ன உண்மை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தோல் ஜாக்கெட் விற்கும் என் அத்தா அமீருதீனுக்கு ஒரு வியாதி உண்டு. சரக்கின் அழகைச் சொல்வதற்கு முன்னால் குறையைச் சொல்லிவிடுவார். "அண்ணா, இங்க ஒரு கீறல் கீது, பாத்துக்க" என்று விரல் வைத்துக் காட்டுவார். இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனாலும் ஜனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

என் அண்ணன் அயூப் சோவியத்தில் டாக்டருக்குப் படித்தான். லீவுக்கு வந்து போகும்போதெல்லாம் அத்தா தைத்த ஜாக்கெட்டுகளைக் கொண்டுபோய் விற்று, சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டான். அந்த நாட்டில் வாங்கி விற்பதே ஜெயில் குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாது. வியாபாரத்தை எந்த ஊரிலாவது குற்றம் என்பார்களா? அப்புறம் நாடே உடைந்தது, அந்தச் சட்டமும் போனது. அதை வைத்து ஆட்களைப் பிடித்தவர்கள் மட்டும் போகவில்லை.

தொண்ணூற்றிரண்டில் பெட்டி நிறைய ஜாக்கெட்டோடு அண்ணனை அந்த ஊர் போலீஸ்காரர்கள் பிடித்து, திருட்டுச் சரக்கு என்றார்கள். கூடப் படிக்கும் குரோம்பேட்டை சிட்டிபாபு, அங்கிருந்து எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டான்.

"அங்கிள், ஆபீசருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். விக்கிறது இப்போ சட்டப்படி தப்பில்லதான். ஆனாலும் பிரண்ட்ஸுக்கு கிஃப்ட்டா குடுத்தனுப்பினேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். இதோ, போனை அவர்கிட்ட குடுக்கறேன்."

அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது சந்தை இங்கிலீஷ்.

"சார், மை சன் நோ தீஃப். ஐ ஸ்டிச். ஹி சேல். ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து குட் பிசினஸ், சார்!"

பெருமையாகத்தான் சொன்னார்.

மறுபடி சிட்டிபாபு லைனில் வந்தான். அழுதுகொண்டிருந்தான். "ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க? பல வருஷமா யாவாரம் பண்றான்னு அப்பாவே ஒத்துக்கிட்டார்னு ஆபீசர் எழுதிட்டார்."

"அது இப்போ தப்பில்லன்னு நீதானேப்பா சொன்னே?"

"சட்டத்தைத்தான் மாத்தினாங்க, அங்கிள். இவரு காலம்பூரா விக்கிறவங்களைப் புடிச்சு உள்ள போட்டவரு. ஜட்ஜும் இவரு சொல்றதைத்தான் கேப்பார். அயூப்பை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அத்தா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். "தம்பி, அவராண்ட குடுப்பா. நான் சொன்னது பொய்னு சொல்லிர்றேன். என் புள்ள எதையும் விக்கல."

"பாய், லைன் கட்டாயிட்ச்சு" என்றார் பூத்துக்காரர் துளசிங்கம். நான் தோளைத் தொட்டேன். அத்தா விடவில்லை. ஒரு கீறலைக்கூட மறைக்கத் தெரியாத அந்த வாய், செத்துப்போன போனில் கத்திக்கொண்டே இருந்தது.

"சார், ஐ லையர், சார்! ஐ லையர்!"