மார்த்தாளின் இடுப்புக்கு ஒரு தேயாத பூச்சு

சகல ஜனங்களும் அறிய வேண்டியது என்னவென்றால், டைட்டானியம் என்னும் உலோகம் தோன்றிய நாள் முதலாகச் சுமந்துவந்த ஒரே அவமானம், உரசினால் தேய்ந்துபோவது. அந்த அவமானம் நமது சங்கரன்கோவிலில் வைத்துத் துடைக்கப்பட்டுவிட்டது. துடைத்தவர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் முனைவர் பவுல்பாண்டியன்.

இதை ஞாயிறு ஆராதனையில், காணிக்கைப் பாட்டுக்கு முன்னால், உபதேசியார் வாசித்தார். எழுதிக் கொடுத்தது பவுல்பாண்டியனேதான். சபை எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. எழுந்திருக்காதவள் அவர் மனைவி மார்த்தாள் ஒருத்திதான். அவளுக்கு வலது இடுப்பு மூட்டு கெட்டு நாலு வருஷமாகிறது.

மூட்டை மாற்றிவிடலாம் என்று முதல் வருஷமே மருத்துவமனையில் சொன்னார்கள். மறித்தவர் பவுல்பாண்டியன்.

“ஏட்டி, அவங்க வைக்கது டைட்டானியம். ஒரசி ஒரசித் தேஞ்சு தூளு ஒடம்புக்குள்ள எறங்கும். பெறவு திரும்பவும் கிழிக்கணும். என் பூச்சு ரெடியாவுது. கொஞ்சம் பொறு.”

“நீங்க டாக்டரா, அவரு டாக்டரா?”

“நானும் டாக்டர்தான்.”

“அது தெரியுது. அதான் வாசல்ல போர்டு தொங்குதே.”

கிண்டல் செய்தாளே தவிர, நம்பினாள். படித்த புருஷனை விட்டுவிட்டு அடுத்த வீட்டு ஆவுடையம்மாளையா நம்புவாள்?

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அவர் டைட்டானியத் துண்டைக் காரக் கரைசலில் முக்கி, நானூறு வோல்ட் பாய்ச்சுவார். துண்டின்மேல் பொடிப்பொடியாகப் பொறி ஓடும். ஓடின இடத்தில் உலோகமே ஆக்சைடாக மாறிப் பீங்கான்போல இறுகும். அதன்மேல் ஒரு குண்டை அழுத்திச் சுற்றித் தேய்த்துப் பார்ப்பார். முதலில் பூச்சு உரிந்தது. பிறகு வெடித்தது. கரைசலை மாற்றியபின் தேயாமல் நின்றது. ஆனால் கட்டுரை அச்சேற வேண்டுமே. அதுவரை மார்த்தாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போய்வந்தாள்.

கட்டுரை அச்சேறி, சபையிலும் வாசித்த அதே வாரம், பூசிய துண்டைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு, மனைவியைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். எலும்பு மருத்துவர் ரூபியா, கடையநல்லூர்ப் பெண். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு சார். இத எங்க வைக்கணும்?”

“ஒரசுற எடத்துல.”

ரூபியா இழுப்பறையிலிருந்து செயற்கை இடுப்பு மூட்டின் மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். “டைட்டானியம் இந்தத் தண்டுதான் சார். தொடை எலும்புக்குள்ள அசையாம நிக்கும். ஒரசுறது இந்தக் குண்டும் கிண்ணமும். குண்டு பீங்கான், கிண்ணம் பிளாஸ்டிக்.”

“அப்போ டைட்டானியம் தேயும்னு சொல்லுதது?”

“தேயும் சார். அதனாலதான் ஒரசுற எடத்துல வைக்கதில்ல.”

‘இடுப்பு மூட்டுகளில் பயன்படும் டைட்டானியம் உரசினால் தேயும்’ என்றுதான் அவர் எழுதிய கட்டுரை எல்லாம் தொடங்கும். அந்த வரியை அவர் தன் ஆசிரியரிடமிருந்து எடுத்தார். ஆசிரியர் வேறொருவரிடமிருந்து எடுத்தார். மூட்டு எப்படி இருக்கும் என்று ஒருநாள் போய்ப் பார்க்க பவுல்பாண்டியனுக்குத் தோன்றியதில்லை. மேற்கோள் காட்டக் கட்டுரைகள் ஏராளமாக இருந்தன.

ரூபியா அதற்குள் மார்த்தாளின் கால்களை நீட்டி அளந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க? சதை சூம்பிட்டு, காலும் குட்டையாயிட்டு. மூட்ட மாத்துனா வலி போயிரும். நடை பழையபடி வராது.”

மார்த்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மேசைமேல் கிடந்த பஞ்சைப் பார்த்தார்.

“வீட்டு வேலையில கவனிக்கல, தாயி,” என்றாள்.

அவள் காட்டிக் கொடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஊர் திரும்பும் காரில், பனவடலிசத்திரம் தாண்டும்போது அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“எது எங்க ஒரசுதுன்னு நான் அன்னைக்கே ஒரு எலும்பு டாக்டர்ட்டயாவது கேட்டிருக்கணும், மார்த்தா.”

“கேட்டிருக்கலாம்,” என்றாள் மார்த்தாள், காலை இரண்டு கையாலும் தூக்கிச் சற்று நகர்த்தி வைத்தபடி.

அடுத்த மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்த்தாள் இப்போது வலியில்லாமல் நொண்டுகிறாள்.