ஆட்களை எண்ணவும்

அமாவாசை அன்று பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் இருக்காது. காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை நாள், ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதனால்தான் எங்கள் தெரு மகளிர் குழு தை அமாவாசை அன்று மதியம் என் கடைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் அன்றுதான். மாலை ஆறு மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். ஏனாத்தூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் பிரவுசிங் சென்டர் ஒன்று தொடங்கியிருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. என் மனைவி மஹாலட்சுமி மூளைக் காய்ச்சலில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் அவள் படத்துக்கு முன்னால் படையல் வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

குழுவின் தலைவி தில்லையம்மாள் எங்கள் எதிர்வீடு. அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அவர்களோடு தில்லையம்மாளின் தம்பி வீரபத்திரனும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"இன்னாபா தினகரா, பொட்டி எழுந்துக்கிச்சா?" என்றாள் தில்லையம்மாள்.

"எழுந்துக்கிச்சுக்கா. உட்காருங்க."

"மனுன்னா கலெக்டர் ஆபீசுல போய்க் குடுக்கணும்," என்றார் வீரபத்திரன். "இங்க குந்திக்கினு தட்டினா எவன் படிக்கப் போறான்?"

"நீ கலெக்டர் ஆபீசுல குடுத்தியே, அது இன்னா ஆச்சு?"

"வாங்கிக்கினாங்க."

"அப்புறம்?"

"அதான் சொல்றேனே. வாங்கிக்கினாங்க."

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அவர்கள் கேட்டது சின்ன விஷயம். எங்கள் தறிகள் குழித்தறிகள். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் கால் வைத்து மிதிப்பார். ஐப்பசி மழையில் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறும். மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வரும். தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூலில் ஈரம் ஏறி, பட்டில் கறை படும். ஒன்றரை மாதம் தெருவே வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும். தரையை உயர்த்தி, குழிகளுக்குச் சிமெண்ட் பூசி, தெருவுக்கு ஒரு வடிகால் வைத்தால் தீர்ந்தது. அதற்கு ஓர் அறக்கட்டளை நிதி தருவதாகக் குழுவுக்குச் செய்தி வந்திருந்தது. காகிதத்தில் வாங்கமாட்டார்கள். விண்ணப்பம், கேள்வி, பதில், பரிசீலனை, தொகை எல்லாமே ஒரே மென்பொருளில்.

நான் இணையதளத்துக்குள் நுழைந்தேன். பக்கம் பக்கமாகக் கேட்டது. என்ன பிரச்சினை, எத்தனை வருடமாக, யார் வேலையை மேற்பார்வை பார்ப்பார்கள். தில்லையம்மாள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தேன். பயனாளிகள் என்ற கட்டம் வந்தபோது யாரையும் கேட்காமல் பதினெட்டு என்று போட்டேன். தெருவில் பதினெட்டுத் தறி.

அடுத்த பக்கம் திறக்கவில்லை. மேலே சிவப்புப் பட்டை வந்தது.

"இன்னாடா அது, ரத்தமாட்டம்?" என்றாள் தில்லையம்மாள்.

"தலைக்கு ஆகிற செலவு ரொம்ப அதிகமாம். அவங்க வரம்பைத் தாண்டுதாம். தகுதி இல்லைன்னு சொல்லுது."

"யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டர்."

"அதுக்கு மழை தெரியுமா?"

பக்கத்தின் ஓரத்தில் சந்தேகம் கேட்க ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: பதினெட்டுத் தறிகளுக்கும் வேலை நடந்தாக வேண்டும், தொகையைக் குறைக்க முடியாது, வழி உண்டா? பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. பெண்களும் நினைக்கவில்லை. ஒருத்தி டீ வாங்கப் போனாள்.

டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரி. கீழே பெயர் இல்லை. 'பரிசீலகர் 3' என்று மட்டும் இருந்தது.

ஒரு தறியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நெசவாளர் சொசைட்டி எங்களைத் தறியாகத்தான் எண்ணியது. வெள்ள நிவாரணம் தறிக்கு இவ்வளவு என்று வந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தாலும் "எத்தினி தறி?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். இத்தனைக்கும் என் வீட்டிலேயே ஒரு தறி நின்றுபோயிருந்தது. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்த்து நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் அப்பா மாணிக்கவாசகம் உட்காருவார். ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளியவள் மஹாலட்சுமி. அவள் போன நாளிலிருந்து தறியில் பாதிச் சேலை அப்படியே இருந்தது. வேறு யாரையும் அப்பா அங்கே உட்காரவிடவில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்தத் தறியை ஒன்று என்று போட்டிருந்தேன்.

எங்கோ ஒரு நாற்காலியில், எங்கள் ஊரைப் பார்த்தே இராத ஒருவர், அதைக் கேட்டுவிட்டார். அன்று முதல் தடவையாக எனக்குள் ஏதோ அசைந்தது.

"இன்னா கேக்குது?" என்றார் வீரபத்திரன்.

சொன்னேன்.

"நெய்யறவன் ஒருத்தன். கரை தள்ளறது ஒண்ணு."

"நாடாவுக்கு நூலு தார் சுத்தறவ?" என்றாள் ஒருத்தி. "நான் இன்னா சும்மாவா குந்திக்கினு இருக்கேன்?"

"காலங்காத்தால தெருவுல பாவு நீட்டறோமே, அது கணக்குல வராதா?"

"பாவு பிணைக்கிறது யாரு? உங்க வூட்டுக்காரரா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லி மென்பொருள் கேட்டது. பெயர், வயது, வேலை. அடித்துவிட்டு 'சேர்' என்று அழுத்த வேண்டும். வீடு வீடாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர், இன்னொன்றில் ஆறு. நீலாம்பாளுக்கு வயது அறுபதா எழுபதா என்று சண்டை வந்தது. "எழுபதுன்னு போடு, பாவம்னு நெனச்சிக் குடுப்பான்," என்றார் வீரபத்திரன். "உன்னப் பாத்தாலே பாவமாத்தான் இருக்குது, உனக்கு நூறுன்னு போடச் சொல்றேன்," என்றாள் தில்லையம்மாள்.

எண் ஏறிக்கொண்டே போனது. முப்பதைத் தாண்டியதும் பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டியதும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

கடைசியாக எங்கள் வீடு.

"மாணிக்கவாசகம் அண்ணன்," என்று தொடங்கினாள் தில்லையம்மாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா பெயரை அடித்தேன். "அவ்வளவுதான் அக்கா."

"எப்டி அவ்ளோதான்? போன வாரம் எங்க பாவுக்குக் கோல் புடிச்சது யாரு?"

"நான் தறியில உட்கார்றதில்ல."

"தறியில குந்துனாத்தான் ஆளா? போடுடா."

என் பெயரை அடித்தேன். தினகரன், இருபத்தொன்பது, பாவு நீட்டுபவர். 'சேர்' என்று அழுத்தினேன். எண்பத்தொன்று என்று காட்டியது. சிவப்புப் பட்டை மறைந்து அந்த இடம் வெள்ளையானது.

தில்லையம்மாள் திரையைத் தொடப் போய் கையை இழுத்துக்கொண்டாள்.

"நம்ம தெருவுல இத்தினி பேரா இருக்கோம்?" என்றாள், தாழ்ந்த குரலில்.

அப்போது மின்சாரம் போய்விட்டது.

யூ.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. திரை கறுத்தது. மணி நாலரை. கடைசியில் சமர்ப்பித்தால்தான் எல்லாம் அங்கே போய்ச் சேரும் என்று நம்பியிருந்தேன். அதுவரை அடித்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். எண்பத்தொரு பேரும் போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

"இன்னொரு தபா அடிச்சிக்கலாம்," என்றாள் ஒருத்தி.

"கரண்டு எப்ப வருமோ. ஆறு மணிக்கு மூடிடும்."

வீரபத்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தில்லையம்மாள் பார்த்த பார்வையில் அடங்கினார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பழகிய இருட்டுதான் அது. போனது போனதுதான் என்று உட்கார்ந்திருக்க நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு மின்விசிறி சுற்றியது. கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் எடுத்தது. இணைப்பு வர இன்னும் நேரம். கடவுச்சொல்லைப் போட்டேன். முதல் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று விரல்களை வைத்தேன்.

எல்லாம் இருந்தது.

ஒவ்வொரு முறை 'சேர்' என்று அழுத்தியபோதும் அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நீலாம்பாளுக்கு எழுபது வயது. வீரபத்திரனுக்கு ஐம்பத்திரண்டு. கடைசியில் தினகரன், பாவு நீட்டுபவர். ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. இங்கே இருட்டாக இருந்த நேரம் முழுவதும் எங்கள் தெரு வேறெங்கோ வெளிச்சத்தில் இருந்திருக்கிறது. நான் படித்த படிப்பில் இதற்கு விளக்கம் உண்டு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது அப்போது உதவவில்லை. ஒன்று போய்விட்டு, போனபடியே திரும்பி வருவதை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"எங்கபா இருந்துது இதெல்லாம்?" என்று கேட்டாள் தில்லையம்மாள்.

"தெரியலக்கா."

"படிச்சவன் நீ. உனக்கே தெரியலையா?"

"தெரியல."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். வீரபத்திரன் செருப்பைக் கழற்றிக் கடைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். சமர்ப்பித்தேன். விண்ணப்ப எண் வந்தது. பிரிண்ட் எடுத்துத் தில்லையம்மாளிடம் கொடுத்தேன்.

பிறகு தினமும் காலையில் உள்ளே போய்ப் பார்ப்பது வழக்கமானது. 'பெறப்பட்டது' என்பது 'பரிசீலனையில்' என்று மாறியது. வைகாசியில் ஒரு நாள் 'வழங்கப்பட்டது' என்று மாறியிருந்தது. கடையைப் பூட்டாமலே தெருவுக்கு ஓடினேன்.

தரையை உயர்த்த வேண்டுமென்றால் தறிகளைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் அதிலிருக்கும் சேலையை முடிக்க வேண்டும். அப்பா இரண்டு நாள் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், "ஓரத்துல வந்து குந்து," என்றார். மஹா உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்தேன். அவர் சொன்னபோது நாடாவைத் தள்ளினேன். அவள் கை எங்கே நின்றது, என் கை எங்கே தொடங்கியது என்பது கரையில் தெளிவாகத் தெரிந்தது. முடிந்ததும் அப்பா அந்த இடம் உள்ளே போகும்படி சேலையை மடித்தார்.

ஐப்பசியில் மழை பலமாகப் பெய்தது. தில்லையம்மாள் வீடு வீடாகப் போய்க் குழிகளில் கைவிட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தன. மழைச் சத்தத்தோடு தறிச் சத்தமும் கேட்ட முதல் ஐப்பசி அது.

கார்த்திகையில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று மென்பொருள் ஞாபகப்படுத்தியது. உள்ளே போனேன். பக்கங்களைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். பயனாளிகள் கட்டத்தின் கீழே, முன்பு வெறுமையாக இருந்த இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

ஆட்களை எண்ணவும். தறி, படகு, சூளை, வண்டி என எண்ண வேண்டாம்.

பக்கத்தில் நின்ற தில்லையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அதில் 'தறி' என்பது நம்முடையது என்றேன்.

"படகா?" என்றாள். "படக எண்ணிப் போட்டவனும் ஒருத்தன் இருக்கிறானா?"

"இருக்கணும்."

"எந்த ஊராம்?"

"தெரியலக்கா."

ஏதோ ஒரு கடற்கரையில், சூளைப் புகைக்குப் பக்கத்தில், ஒரு வண்டி நிலையத்தில், என்னைப் போல ஒருவன் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். யாரையும் கேட்காமல் எண்ணைப் போடுகிறான். சிவப்புப் பட்டையைப் பார்க்கிறான். பிறகு அவனிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அவன் பின்னாலும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

"அவங்களுக்குக் கெடச்சுதா?" என்று கேட்டாள் தில்லையம்மாள்.

அதை அந்தப் பக்கம் காட்டவில்லை. இருந்தும் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.