எந்தச் சகாயராஜ்?

அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், மாலை ஆறரைக்குத் தொடங்கும் ஜெர்மன் வகுப்பில் பதினோரு நர்சுகளும் ஒரு தோமினிக்கும் படித்தார்கள். பகலில் அவனுக்கு ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு மூட்டைக்கு மூன்று இடத்தில் கைவிட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டு, நாலாவதாக ஒரு இடத்திலும் விட்டிருக்கலாமோ என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பான்.

அவன் மனைவி வினோலியாவுக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி விமானம். கணவன் என்ற முறையில் அவளோடு போய்த் தங்க இவனுக்கு வேண்டிய விசாதான் பாக்கி.

அன்று பாடத்தின் நடுவே செல்பேசி அதிர்ந்தது. விசா அலுவலகத்து மின்னஞ்சல். நாலே வரி. மூன்று தடவை படித்தான். போன வாரம் குடும்ப உறவுகள் பாடத்தில் வந்த ஒரு சொல் அதில் இருந்தது. தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்போம் என்று நினைத்தான். தன்னைப் பற்றி அவனுக்கு எப்போதும் அப்படி ஒரு நம்பிக்கை.

“டீச்சர், கெஷ்விஸ்டர்னா கூடப் பொறந்தவங்கதானுங்களே?”

“ஆமா தோமினிக், சரிதான்,” என்றார் அமுதவல்லி டீச்சர். “எதுக்குக் கேக்குறீங்க?”

“நானும் என் சம்சாரமும் கூடப் பொறந்தவங்களான்னு கேட்டிருக்காங்க.”

பதினோரு நர்சுகளும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் செல்பேசியை வாங்கிப் படித்தார். “ஒரு எழுத்து தப்பில்லாமத்தான் படிச்சிருக்கீங்க. பத்து நாள்ல பதில் கொடுக்கணும்,” என்றவர், முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

விஷயம் இதுதான். தோமினிக்கின் அப்பா பெயர் சகாயராஜ். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வினோலியாவின் அப்பா பெயரும் சகாயராஜ். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே யாருக்கும் அது அதிசயமில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் இருக்கிறதே, அதில் இரண்டு பேருக்கும் அவரவர் அப்பா பெயரைத்தான் போட்டிருந்தார்கள். வினோலியாவின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முந்தி எடுத்தது. அதிலும் அவள் சகாயராஜ்தான். எங்கோ உட்கார்ந்து அதைப் படிக்கிறவர் வேறு என்னதான் நினைப்பார்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வினோலியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “வாங்கண்ணா, தோசை ஆறுது,” என்றாள். இரண்டாவது தோசையில் சிரிப்பு நின்றது.

“பதில் சரியா போகலேன்னா என்ன ஆகும்?”

“நீ மட்டும் போகணும். நான் மறுபடி மொதல்லேருந்து. எட்டு மாசமோ, பத்து மாசமோ.”

கல்யாணமாகியே ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. தட்டுகளை ஒதுக்கிவிட்டு இருவரும் காகிதங்களைத் தரையில் பரப்பினார்கள்.

“பர்த் சர்ட்டிபிகேட்ல நம்ம அம்மாங்க பேரு வேற வேறயா இருக்கே, அது போதாதா?”

“போதாது. ஒரே சகாயராஜுக்கு ரெண்டு சம்சாரம்னு எழுதிக்குவாங்க.”

“ஐயோ, உங்கம்மா ஞானமேரி காதுல விழட்டும். விசா இல்லாமயே ஜெர்மனிக்குப் போய்ச் சண்டை போடுவாங்க.”

கோயில் பதிவேட்டு நகல் இருந்தது. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்ததையும், இரத்த உறவுத் தடை ஏதும் இல்லை என்பதையும் பங்குச்சாமியார் அதில் எழுதியிருந்தார். அது நல்ல காகிதம். அடுத்து வினோலியா எடுத்தது கல்யாணப் பத்திரிகை. எடுத்த வேகத்தில் பாய்க்கு அடியில் செருகினாள்.

அந்தப் பத்திரிகையில் ஒரே ஒரு சகாயராஜ்தான் இருந்தார். அச்சகத்துக்காரர் ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதே என்று, பிழை திருத்துவதாக நினைத்து ஒன்றை எடுத்துவிட்டார். அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்தவன் தோமினிக். தேதி, நேரம், கோயில் பெயர், மண்டபத்துக்கு வழி எல்லாவற்றையும் மும்முறை பார்த்தவன், சகாயராஜ்களை எண்ண மறந்துவிட்டான். இருக்கிற சகாயராஜ் நான்தான் என்று இரண்டு சம்பந்திகளும் கல்யாணப் பந்தியிலேயே முறைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை.

“ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நோட்டரி வக்கீல்கிட்ட கையெழுத்துப் போடணும்,” என்றான் தோமினிக். “ஒரே போட்டோவுல நிக்கணும். வேற வழி எனக்குத் தெரியல. எனக்குத் தெரியாம வேற வழி இருக்கலாம்.”

“வேற வழி இல்ல. போனைப் போடுங்க.”

மேட்டூரில் அப்பா எடுத்தார். “அந்தாளு இருக்குற எடத்துக்கு நான் எதுக்குடா வாரேன்? பத்திரிகையில இருக்குறது நாந்தான்னு அவரை ஒத்துக்கச் சொல்லு, பாப்போம்.”

கெஞ்சத் தோமினிக்குக்குக் கைவராது. பொய்யும் வராது. கையிலிருந்த மெயிலை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டினான். “நீங்களும் எங்க மாமனாரும் ஒரே ஆளுன்னு நெனைக்கிறாங்கப்பா.”

அப்பா அங்கே டி.வி.யை அணைப்பது கேட்டது.

“நானும் அந்தாளும் ஒரே ஆளா?”

“ஆமாங்கப்பா.”

“எவன் சொன்னான்? எந்தக் கோர்ட்டுக்கு வரணும், சொல்லு. சனிக்கிழமையா? காலையில மொத பஸ்சுக்கே வாரேன்!”

வினோலியா தன் அப்பாவுக்குப் போட்டாள். செவ்வாய்ப்பேட்டையிலும் வார்த்தைக்கு வார்த்தை அதே பதில். பஸ்சுக்குப் பதில் ஸ்கூட்டர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை, கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் பாலசுந்தரத்தின் அறை. இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டூர்க்காரர் உயரம், மீசை. செவ்வாய்ப்பேட்டைக்காரர் குள்ளம், மழித்த முகம். இவர்களையா ஒரே ஆள் என்றார்கள் என்று குமாஸ்தாவே சிரித்தார்.

“சகாயராஜ்!” என்று கூப்பிட்டார் வக்கீல்.

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

“ஒருத்தர் ஒருத்தரா வாங்க. உங்கப்பா பேரு?”

“அந்தோணிசாமிங்க,” என்றார் மேட்டூர்க்காரர்.

“உங்களுக்கு?”

“அந்தோணிமுத்து.”

பாலசுந்தரம் பேனாவைக் கீழே வைத்தார். “ஏனுங்க, உங்க கோயில்ல பேருக்கு அவ்வளவு பஞ்சமா?”

தோமினிக் அவசரமாகப் பையைத் திறந்தான். சாமியும் முத்தும் அண்ணன் தம்பியாக இருந்துவிட்டால்? பதிவேட்டு நகலைத் தேடி எடுத்தான். ஒருவருக்குச் சொந்த ஊர் மேச்சேரி, இன்னொருவருக்கு ஆத்தூர்ப் பக்கம். மூச்சு வந்தது. அதற்குள் பெஞ்சில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது.

“எங்க பேரைச் சொல்றீங்களே வக்கீலய்யா,” என்றார் மேட்டூர்க்காரர், “காலையிலருந்து இங்க எத்தனை பெரியசாமி வந்தாங்க?”

“அப்படிக் கேளுங்க சம்பந்தி!” என்றார் செவ்வாய்ப்பேட்டைக்காரர்.

குமாஸ்தா நோட்டைப் புரட்டினார். “அஞ்சுங்க.”

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்து ஒரே சிரிப்பு. சம்பந்தி என்று கூப்பிட்டு ஏழு மாதமாகிவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தார்கள். திரும்ப முறைத்துக்கொள்ள ஆளுக்கொரு முயற்சி செய்தார்கள்; நடக்கவில்லை. “இன்னும் ஒட்டி நில்லுங்க” என்று போட்டோக்காரர் சொன்னபோது, உயரமானவர் குள்ளமானவரின் தோளில் கையைப் போட்டார். ‘நாங்கள் இருவரும் வெவ்வேறு நபர்கள்’ என்ற வாசகத்தின்கீழ் கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பத்திரமும் போட்டோவும் கோயில் நகலும் அன்றைக்கே போயின. அனுப்பிய மெயிலைத் தோமினிக் தினமும் திறந்து, இணைப்புகள் மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணினான். இருந்தன.

இருபத்துமூன்றாம் தேதி, ஞாயிறு மதியம், கூரியர்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விசா ஒட்டப்பட்டிருந்தது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். வினோலியா பிடுங்கி ஒரே பார்வையில் பார்த்து, அவனைக் கட்டிக்கொண்டு குதித்தாள். குதித்தபடியே அவன் செல்பேசியில் மேட்டூருக்கு அழைத்து, அவன் காதில் வைத்தாள். அங்கே அணைக்காற்று இரைந்தது. வாணலியில் மீன் பொரியும் சத்தமும் கேட்டது.

“யாருங்க பேசுறது?” என்றான் தோமினிக். குரல் அப்பாவுடையது மாதிரி இல்லை.

“சகாயராஜ்.”

“எந்தச் சகாயராஜுங்க?”

“உங்க மாமனார் மாப்ளே! காலையிலேயே இங்க வந்துட்டேன். உங்கப்பா மீனைத் திருப்பிப் போடுறாரு. என்ன விஷயம்?”

வினோலியா போனைப் பிடுங்கினாள்.

“அப்பா!” என்று கத்தினாள்.

“என்ன சாமி?” என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.