பச்சை வயர்

பத்ரிக்குக் கரண்ட் என்றால் பயம். வீட்டில் மனைவி வந்தனாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. செம்பூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன், நாள் முழுக்க வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவன், ப்ளக்கைத் தொடும்போது உள்ளங்கை வியர்க்கிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான்?

பயம் ஒட்டிக்கொண்டது போன வருஷம், மான்குர்த் கணபதி பந்தலில். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகைகளிலும் வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் பேஸ் கிட்டார்காரன். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. அன்றைக்கு மழையில் ஊறிய ப்ளைவுட் மேடை. சாமிக்கு எதிரே என்பதால் எல்லோரும் வெறுங்கால். கோரஸ் பாட மைக்கிடம் குனிந்தான். கை கம்பிகளின் மேல் இருக்க, உதடு மைக்கின் இரும்பு வலையில் பட்டது. பல்லுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம் வெட்டியதும், கையை எடுக்க நினைத்தும் கை வராமல் போனதும்தான் அவனுக்கு ஞாபகம். கால் சறுக்கி விழுந்ததால் பிழைத்தான். குழுவில் எல்லோரும் அவன் வழுக்கி விழுந்ததாக நினைத்துச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். பந்தல்காரன் இழுத்திருந்த கோணல்மாணல் லைன்தான் காரணம் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதி மூடிவிட்டான்.

அடுத்த மாதமே புது பேஸ் வாங்கக் கிளம்பினான். தாதரில் ஒரு கடை. விற்பனையாளர் ராஹில் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தார். இதன் கழுத்து மெலிசு, இதற்கு ஐந்து கம்பி, இதை விரலால் அறைந்து வாசித்தால் நெஞ்சில் இடிக்கும் என்றெல்லாம் ஹிந்தியில் புகழ்ந்தார். பத்ரி ஒன்றையும் வாசித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பின்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொன்னான். பெண் பார்க்க வந்தவன் எக்ஸ்ரே கேட்டால் எப்படி முழிப்பார்களோ அப்படி முழித்தார் ராஹில்.

அவன் தேடியது ஒரு வயரை. சாதாரண பேஸில், இரைச்சல் வராமலிருக்க, கம்பிகளிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே போய்க் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்துவிடும். ஆம்ப்பில் கரண்ட் கசிந்தால் அதே வழியில் வாசிக்கிறவன் விரலுக்கு வந்து சேரும். பேட்டரியில் ஓடுகிற சில பேஸ்களுக்கு அந்த வயர் தேவையில்லை. அப்படி ஒன்று கடைசியில் அகப்பட்டது. கன்னங்கரேலென்று, தோளை இழுக்கிற கனம், சத்தத்திலும் பெரிய அழகில்லை. பத்ரி அதையே எடுத்துக்கொண்டான். எதனால் இது பிடித்தது என்று ராஹில் கேட்டதற்கு, டோன் என்று கூசாமல் புளுகினான்.

மான்குர்த்தில் வாசித்த பழைய பேஸும் பழைய ஆம்ப்பும் மாட்டுங்கா வீட்டில் அலமாரி மேல் கிடந்தன. அந்தப் பக்கம் போவதையே அவன் தவிர்த்தான். அந்தச் சமயம் பார்த்துத்தான் கலைச்செல்வி கேட்டாள். குழுவின் பாடகி அவள், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. ரொம்ப நாளாகவே அவளுக்கு பேஸ் மேல் ஒரு கண். பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்று ஆசை. விட்டது தொல்லை என்று இரண்டையும் டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவைத்தான். ஷாக் அடித்த கதையைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று குழு முழுக்கத் தெரிந்துபோகும். வீட்டில் ஒழுங்கான லைன் இருக்கும், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இந்த வருஷம் ஆடி மாதம், தாராவியில் அம்மன் கோயில் விழா. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கே கச்சேரி தொடங்கிவிட்டது. மத்தியானம் கொட்டிய மழையில் மேடை நசநசவென்று இருந்தது. அம்மன் முகம் மேடையைப் பார்த்திருப்பதால் செருப்புக் கூடாது என்று கமிட்டித் தலைவர் பூலோகம் முதலிலேயே சொல்லிவிட்டார். பத்ரி தன் கறுப்பு பேஸில் ஆறு பாட்டு வாசித்தான். பக்கத்திலிருந்த கோரஸ் மைக்கின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஏழாவது பாட்டு கலைச்செல்வியுடையது. முதல் முறையாக மேடையில் வாசித்துக்கொண்டே பாடப்போகிறாள். பத்ரி பின்னால் போய், தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேடு வாசிக்கும் வெயிலுமுத்துவின் அருகில் நின்றான். பழைய பேஸை அவள் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் வீட்டிலிருந்து வந்த பழைய ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெயிலுமுத்து தலையைச் சாய்த்து, மேடையில் எல்லா ஸ்பீக்கர் பாக்ஸும் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருக்க அந்த ஆம்ப் மட்டும் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று மெச்சினார். அன்றைக்கு பத்ரி சார் செய்த வைத்தியம் இன்னும் நின்று பேசுகிறதாம்.

பத்ரிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கோபர்கைரனேயில் ஒரு நண்பர் வீட்டில் ரெக்கார்டிங். ஆம்ப் ஓயாமல் இரைந்தது. பத்ரிதான் இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு, ப்ளக்கைத் திறந்து, உள்ளே இருந்த பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி, பழையபடி மூடினான். எர்த் வயர். இரைச்சல் சட்டென்று நின்றது. என்ன மூளை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். வெளியே பார்த்தால் மூன்று பின்னும் பத்திரமாக இருக்கும், உள்ளே வயர் இல்லாதது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனும் மறந்துபோனான். ஆம்ப்புக்கு வயசாகி உள்ளே கரண்ட் கசிய ஆரம்பித்தபோது, அது தரைக்குப் போக வழியில்லாமல் கம்பிக்கு வந்து, உதடு மைக்கில் பட்டதும் அவன் வழியாகப் பாய்ந்திருக்கிறது. மான்குர்த் பந்தல்காரன் ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தது எல்லாம் அவன்.

முன்னால் கலைச்செல்வி வெறுங்காலோடு ஈரப் பலகையில் நின்றாள். கம்பிகளில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மைக்கில் உதடு ஒட்டப் பாடுகிறவள் அவள். வெயிலுமுத்து குச்சியைத் தூக்கி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

கத்தினால் இந்த இரைச்சலில் கேட்காது. அவளைப் பிடித்து இழுக்கலாம் என்றால், அதற்குள் கரண்ட் பிடித்திருந்தால் இவனும் சேர்ந்து ஒட்டிக்கொள்வான். ப்ளக் ஒன்றுதான் வழி. அது மேடைக்குப் பின்னால், ஸ்விட்ச் இல்லாத ஒரு ப்ளக் பலகையில் சொருகியிருந்தது. பத்ரி ஓடினான். உள்ளங்கை நனைந்திருந்தது. ஈரக் கையால் தொடக்கூடாது என்று ஒரு குரல், நேரமில்லை என்று ஒரு குரல். சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பிடுங்கினான்.

பாட்டு முதல் வார்த்தையோடு நின்றது. திரும்பிப் பார்த்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள். மைக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பூலோகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். அம்மன் சன்னிதியில் இதென்ன கூத்து என்றார். லூஸ் கான்டாக்ட் என்ற வார்த்தை பத்ரியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கு ஆம்ப்பை வாங்கிப்போய்ப் பச்சை வயரைச் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் கலைச்செல்வி என்னமோ ஏதோ என்று அவன் பக்கத்தில் வந்து குந்தி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் புளுக முடியவில்லை.

"இதோட எர்த்தை நான்தான் கட் பண்ணினேன், கலை. மான்குர்த்ல நான் வழுக்கி விழலை, ஷாக் அடிச்சது. உங்களுக்குக் குடுக்கறச்சே அதைச் சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்தது."

அவள் தன் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசம் ஒங்களுக்குப் போன் போட்டு, வாசிச்சா வெரலெல்லாம் சுருசுருங்குதுன்னு கேட்டம்லா சார். புதுசா வாசிக்கிறவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னிய."

சொல்லியிருந்தான். ஆபீஸில் ஒரு கண் கம்ப்யூட்டரில் இருக்க, அரைக் காதால் கேட்டுச் சொன்ன பதில் அது.

"எம்மவளும் தொட்டுப் பாத்துட்டு, கடிக்குதும்மா, வேண்டாம்னு அழுதா. ஒண்ணுமில்லட்டி, சாரே சொல்லிட்டாவன்னு அவ கையப் புடிச்சி மறுபடியும் கம்பியில வச்சதே நாந்தான்."

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் பத்ரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பேஸை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் பட்டையைத் தோளிலிருந்து கழற்றி, அவன் நீட்டிய கையில் கொடுக்காமல், பேஸைத் தரையில் வைத்தாள்.

கூட்டம் சலசலத்தது. கச்சேரியை விட முடியாது. பத்ரி தன் கறுப்பு பேஸை எடுத்துக்கொண்டான். கலைச்செல்வி மைக்கிடம் போய், பாடுவதற்கு முன் புறங்கையால் அதை லேசாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. இருந்தும் வாயை ஒரு சாண் தள்ளியே வைத்துக்கொண்டு பாடினாள். சத்தம் கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து கை காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் அன்றைக்கு மைக்கின் பக்கத்தில் போகவே இல்லை.