சிவப்பு ஹெல்மெட்

கண்ணாடிச் சட்டம் தயாராக இருந்தது. உள்ளே ரஸ் ஓலினிக்கின் சிவப்பு ஜெர்சி, அடியில் 'நன்றி' என்று வெண்கல எழுத்து. மேனேஜர் ஹால்வர்சன் அதை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்.

"இன்னிக்கு உனக்கு வழியனுப்பு. ஆட்டத்துக்கு முன்னாடி விளக்க அணைச்சிடுவோம் ஓலி. நடு ஐஸ்ல நீ மட்டும். ஊரே எழுந்து நின்னு கை தட்டும். வேற என்ன வேணும்?"

"ஆட்டம் வேணும்."

"முப்பத்தாறு வயசாச்சு உனக்கு."

"அதுக்கு? குறைச்சுக்கச் சொல்றியா?"

ஓலி ஐஸ் ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரன். கோல் அடிப்பவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் மோதவும் மறிக்கவும் இறக்கிவிடப்படுகிற ஆள். பெரிய லீகில் ஒரே ஓர் ஆட்டம். மற்றதெல்லாம் பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பும் சின்ன லீக்குகள். ஒன்பது அணிகள் மாறி வந்தவன், இந்தச் சுரங்க ஊரில்தான் ஆறு வருடம் ஒட்டிக்கொண்டான்.

ஹால்வர்சன் போனை எடுத்தார். அன்று மதியம் எதிர்த்து ஆட வந்திருந்த கிரேனைட் பே அணியில் இரண்டு பேருக்கு அடிபட்டிருந்தது. பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஓலி இனி அவர்கள் ஆள். ஓலியைக் கொடுத்ததற்குப் பதிலாக யாரும் வரவில்லை. தாளில் 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதுவார்கள். சும்மா கொடுப்பதற்கு அந்த லீகில் அதுதான் பேர்.

"இந்தச் சட்டத்த என்ன பண்றது இப்ப?"

"அடுத்த கிழவனுக்கு வச்சுக்க. பேர மட்டும் மாத்திடு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதே கட்டடத்தின் அதே நடையில், எதிரணி அறைக்கு நடந்தான்.

அந்த அணியின் கோச் டூமா அவனைவிட இளையவர்.

"இங்க பாரு பெருசு. இன்னிக்கு எனக்கு ஆள் வேணும். நாளைக்கு வேணுமான்னு தெரியாது. ஆட்டம் முடிஞ்சு பஸ் கெளம்பும்போது உனக்கு எடம் உண்டா இல்லையான்னு சொல்றேன்."

"இல்லன்னா?"

"இங்கயே இரு. உனக்கு சட்டமெல்லாம் போட்டு வச்சிருக்காங்களாமே."

அறை சிரித்தது. கறுப்பு ஜெர்சி கொடுத்தார்கள். கறுப்பு ஹெல்மெட் எதுவும் அவன் தலைக்குள் இறங்கவில்லை. பழைய சிவப்பையே மாட்டிக்கொண்டான்.

"தீக்குச்சி மாதிரி இருக்கீங்க" என்றான் மீசை அரும்பாத ஒருவன்.

"உரசிப் பாரு."

ஆட்டம் தொடங்கியது. நேற்றுவரை அவன் பேரைக் கத்திய கூட்டம் இன்று ஊளையிட்டது. சிவப்பு அணியின் கோல்கீப்பர் தெரியோ அவனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவன்.

"உன் சோப்பு இன்னும் என் பாத்ரூம்லதான்டா இருக்கு!"

"நீதான் அதத் தொடவே மாட்டியே, பத்திரமா இருக்கும்!"

கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. ஹாக்கியில் ஆட்டம் ஓடும்போதே ஆள் மாறுவார்கள். ஒரு நிமிடத்துக்குமேல் நெஞ்சு தாங்காது. ஓலி தலையைக் குனிந்தபடி சுவரோரம் வந்தான். கதவு திறந்தது. உட்கார்ந்தான். பக்கத்தில் நீட்டிய பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தான்.

இருபுறமும் முழங்கால்கள். எல்லாம் சிவப்பு.

"வாப்பா ஓலி" என்றார் பழைய கோச். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அந்தப் பெஞ்சே குலுங்கியது. நடுவர் விசில் ஊதினார். மாற்று ஆள் இறங்கிவிட்டான். ஓலி தன் பெஞ்சுக்கு வரவில்லை. கணக்கில் ஓர் ஆள் அதிகம். கிரேனைட் பேக்குத் தண்டனை: ஒருவர் இரண்டு நிமிடம் கூண்டில் உட்கார வேண்டும்.

டூமா மீசை அரும்பாதவனைத் தட்டினார். "நீ போ. வேகமா ஓடுற ஆள் உட்காரட்டும், வெளிய வந்ததும் பாஞ்சு போகலாம்."

"நான் போறேன்" என்றான் ஓலி.

"உன்னக் கேக்கல."

"வழி தெரியாம போனது நான். நான்தான் உட்காருவேன்."

பதிலுக்குக் காத்திராமல் கூண்டுக்குப் போய்விட்டான். பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டினார்கள். "பெஞ்சு எதுன்னு படம் வரஞ்சு தரவா கிழவா?" டோனட் கடை லொரேன் மட்டும், "பாவம், விடுங்கய்யா" என்றாள்.

ஓலி எழுந்து திரும்பினான். கையுறையால் கண்ணாடியை ஓங்கிக் குத்தினான்.

"பாவம்னு மட்டும் சொல்லாதீங்க லொரேன். திட்டுங்க!"

அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுரங்க ஊர்க்காரி திட்டுகிற மாதிரியே திட்டினாள். அவனுக்கு மூச்சு சீரானது.

நான்கு பேராகவே கறுப்பு அணி தாக்குப்பிடித்தது. இரண்டு நிமிடம் முடிந்து, கூண்டுக் கதவு திறந்து அவன் இறங்கிய நொடியில் ரப்பர் வட்டு அவன் மட்டைக்கே வந்தது. எதிரில் தெரியோ ஒருவன்தான்.

"வலது பக்கம்தானே ஓலி?"

ஆறு வருடப் பயிற்சியில் எப்போதும் வலது பக்கம்தான் அடிப்பான். இப்போதும் வலதிலேயே அடித்தான். தெரியோ காலால் தடுத்தான். வட்டு தெறித்து சிவப்புக்காரர்களிடம் போனது. அவர்கள் பாய்ந்தார்கள்.

ஓலி திரும்பி ஓடினான். எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும், அடி விழும் பாதையில் அப்படியே குறுக்கே விழுந்தான். வட்டு கணுக்காலில் இறங்கியது. அரங்கத்தில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கோல் விழவில்லை. மட்டையை ஊன்றி எழுந்தான். இடது வலது பார்த்தான். கறுப்புப் பெஞ்சுக்கு நொண்டிப் போனான்.

கூடுதல் நேரத்தில் கிரேனைட் பே தோற்றது.

வெளியே வெயில் இருந்தது, வெட்டிக் குவித்த பனியில் கண் கூசியது. ஓலி தன் பையைத் தானே பஸ்ஸின் வயிற்றில் தள்ளினான். யாரையும் கேட்காமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தான். மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். டூமா கடைசியாக ஏறினார், கையில் பீட்சா பெட்டிகளோடு.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே பெருசு."

"தெரியும்."

"அப்ப எப்படி ஏறின?"

"கண்ணத் தொறந்து பாத்துட்டுத்தான் ஏறினேன் கோச். இந்தத் தடவ சரியான பஸ்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டூமா சிரிக்கவில்லை. லேஸ் அவிழ்த்த ஷூவையும் வீங்கிய கணுக்காலையும் பார்த்தார்.

"நாளைக்கு ஆட முடியுமா இத வச்சுக்கிட்டு?"

"முடியாதுன்னு நான் சொன்னேனா?"

டூமா டிரைவரைப் பார்த்தார். "கதவ மூடு." பிறகு ஓலியிடம், "இது புதுசா சேர்ந்தவங்க உட்கார்ற எடம். பெருசுங்க எல்லாம் பின்னாடி" என்றார்.

"நான் இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

"அப்படியா?" டூமா பெட்டிகளை அவன் மடியில் வைத்தார். "புதுசா சேர்ந்தவன்தான் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கணும். எழுந்திரு."

ஓலி எழுந்தான். பஸ் திரும்பியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை ஊன்றி, வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனான்.