முப்பது பேர் முன்னால்

திருவிருந்தின் அப்பம் வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது, பேருந்துப் பணிமனை ஃபோர்மேன் சட்டென்று திரும்பி தேவாலயத்தைவிட்டு வெளியே நடந்தார். பின்னால் நின்றிருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது என்று நினைத்தபடி, குனிந்த தலை நிமிராமல் அவளும் பின்னாலேயே போனாள்.

வாசலில் வைத்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேருந்தின் முன்சக்கரம் ஓடும்போதே ஆட்டம் கண்ட கதை அவளுக்குத் தெரியும். அதே பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில்தான் அவளுக்கும் வேலை. ஓட்டுநர் சுதாரித்து ஓரங்கட்டியதால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நட்டுகளை முறுக்காமல் விட்டது அந்தச் சக்கரத்தை மாட்டிய மெக்கானிக்தான் என்று முப்பது பேர் முன்னால் ஃபோர்மேன் அவனைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றே அவனுக்கு ‘லூசு நட்டு’ என்று பெயர் விழுந்தது. பிரேக் பிரிவிலிருந்து டயர் கழுவும் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அவளுக்குத் தெரியாத மிச்சம் ஒன்று இருந்தது. மெக்கானிக் முறுக்கிவிட்டுப் போன பிறகு, பிரேக்கைப் பார்க்க அந்தச் சக்கரத்தை அவரே கழற்றியிருந்தார். திரும்ப மாட்டி, நட்டுகளைக் கையால் ஏற்றுவதற்குள் ஃபோன் வந்தது. பேசப் போனவர் முறுக்க மறந்தே போனார். மெக்கானிக்கைத் திட்டிப் பதினைந்து நாள் கழித்து ஞாபகம் வந்தபோது வாயை மூடிக்கொண்டார்.

“அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவனுக்குத்தான் என் மேல இருக்கு. காணிக்கைய அப்படியே வச்சிட்டு முதல்ல அவன்கிட்ட போய் சமாதானமாகுன்னு ஆண்டவர் சொன்னது எனக்குத்தான்,” என்றார்.

மேனேஜர் சும்மா விடுவாரா? தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தாள்.

“திட்டினப்போ தனியாவா திட்டினேன்?”



மறுநாள் காலை ஷிப்டுக்கு எல்லோரும் கூடியபோது அவள் கிடங்கின் ஜன்னலில் நின்றாள். மேனேஜரும் இருந்தார். ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். “தப்பு என்னோடது. தெரிஞ்சும் ரெண்டு வருஷம் மறைச்சேன். என்னை மன்னிச்சிடுப்பா.”

மெக்கானிக் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். “இங்க சொன்னது சரி. எங்க வீட்லயும் வந்து சொல்லணும்,” என்றான் கடைசியில்.

அன்று மாலையே கணவனும் மனைவியும் போனார்கள். மூன்று மாடி ஏறி, நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மெக்கானிக்கின் மனைவி தன் கணவன் பக்கம் திரும்பி, “நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் நம்பல,” என்றாள். அவன் முகம் அப்போதுதான் இளகியது. ஒரு பொய் இத்தனை தூரம் வந்து இந்த வீட்டுக்குள்ளும் குடியிருந்ததா என்று ஃபோர்மேனின் மனைவி நினைத்தாள்.

மேனேஜர் சும்மா விடவில்லை. ஃபோர்மேன் பதவி போயிற்று. இன்னொருவருக்குக் கீழே ஸ்பேனர் பிடிக்கும் வேலை. மெக்கானிக்கைப் பிரேக் பிரிவுக்கே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று வாரம் இருவரும் ஒரே வண்டிக்கடியில் முறைத்துக்கொள்ளாமல், சிரித்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள். நாலாவது வாரம், “அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க,” என்று மெக்கானிக்கின் குரல் கேட்டது. ஜன்னலில் போல்டு எண்ணிக்கொண்டிருந்தவளுக்குக் கணக்கு தப்பிப் போயிற்று.

அன்று பணிமனைப் பெயின்டர் ஒருவர் கிடங்குக்குச் சாமான் வாங்க வந்து, பாவம் உங்க வீட்டுக்காரர், வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் என்று உச்சுக்கொட்டினார்.

“என்ன பாவம்?” என்றாள் அவள். “இத்தனை வருஷம் ஃபோர்மேன் பொண்டாட்டின்னு நிமிர்ந்து நடந்தேன். இப்பதாங்க அவர் பொண்டாட்டின்னு நிமிர்ந்து நடக்கறேன்.”

பெயின்டர் கேட்ட இரண்டு பிரஷையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.